மேலண்டைக் கரை

மணிமுக்தா ஆண்டு முழுக்க ஓடும் ஆறு அல்ல. கல்வராயன் மலையில் மழை பிடித்தால் வரும். ஐப்பசி, கார்த்திகையில் செந்தண்ணீராக இரு கரையும் தொட்டு ஓடும்; மாசி முடிவதற்குள் மணல் தெரிந்துவிடும். அப்படிப்பட்ட ஆற்றின் ஓரம் சித்திரை வெயிலிலும் பச்சையாகக் கிடந்தால் பார்ப்பவர்களுக்கு மனம் குளிரத்தான் செய்யும். தியாகதுருகம் மலைக்கோட்டைக்கு ஏறிப் பார்த்துவிட்டு வந்தவர்கள் எங்கள் பக்கத்துப் பசுமையைப் புகழக் கேட்டிருக்கிறேன். பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் மாறி மாறிப் பிடித்த கோட்டை அது. 1790-இல் திப்புவின் படை முட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியதும் அங்கேதான். மேலே நின்றால் மேற்கே கல்வராயன் மலை. கீழே கரும்பு, மரவள்ளி, நெல். அந்த உயரத்தில் எல்லாப் பச்சையும் ஒரே பச்சை. கரையில் இறங்கி நடந்தால்தான் அதில் பாதி வெளியிலிருந்து வந்தது என்பது புரியும்.

அப்பாவின் நிலம் ஆற்றை ஒட்டியது. பட்டா எங்கே முடிகிறது, ஆற்றுப் புறம்போக்கு எங்கே தொடங்குகிறது என்று காட்ட ஒரு சர்வே கல் நட்டிருந்தார்கள். சின்ன வயதில் அதன்மேல் உட்கார்ந்து கால் ஆட்டியபடி நாவல் பழம் தின்போம். கல்லுக்கு அந்தப் பக்கம் நாணலும் நொச்சியும், பெரிய நீர்மருது ஒன்றும். இந்தப் பக்கம் எங்கள் வேலி. வேலி என்றால் நெய்வேலிக் காட்டாமணக்கு. கரும்புக்குப் பன்றி வராமல் இருக்கவும், மாடு உள்ளே நுழையாமல் இருக்கவும் அப்பா வைத்தது. குச்சியை ஒடித்து ஈர மண்ணில் செருகினால் போதும், பத்து நாளில் தளிர்விடும். தண்ணீர் ஊற்றவேண்டாம், எரு வேண்டாம், மாடு வாய் வைக்காது. காசில்லாத வேலி. ஊரில் எல்லோரும் வைத்தார்கள். வெளிர் ஊதாப் பூ ஆண்டு முழுக்கப் பூக்கும். அதைப் பறித்துக் காதில் செருகிக்கொண்டு பள்ளிக்கூடம் போயிருக்கிறேன்.

செடியாக நிமிர்ந்து நிற்பதால் அதைக் கொடி என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் அது பிறந்தது கொடிக் குடும்பத்தில். சர்க்கரைவள்ளியும் வள்ளைக்கீரையும் கடற்கரை அடும்பும் அதற்கு நெருங்கிய உறவு. தண்ணீர் ஓரம் வந்துவிட்டால் பிறவிக்குணம் தெரியும். தண்டு சாய்ந்து, நீண்டு, தண்ணீர்மேல் படுத்து, கணுவுக்குக் கணு வேர்விட்டு நடு ஆற்றுக்கே போய்விடும். தண்டுக்குள் பொள்ளல், அதனால் மிதக்கும். வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த செடி. எங்கள் வேலியிலிருந்து ஆற்றுக்கு இறங்க அதற்கு ஒரே ஒரு வெள்ளம் போதுமாக இருந்தது.

எனக்குக் கல்யாணமாகிப் போன ஊர் விருத்தாசலம். அதே மணிமுக்தாவின் கீழ்க்கரை. பிறந்த வீட்டில் துணி துவைத்த ஆறே புகுந்த ஊரில் பழமலைநாதர் கோயிலை ஒட்டிப் போகிறது என்பதில் அந்த வயதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஊர் ஞாபகம் வரும்போதெல்லாம் ஆற்றங்கரைக்குப் போய் நிற்பேன். மாசிமகத்துக்குக் கூட்டம் வரும்போது ஆற்றில் தண்ணீர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் காட்டாமணக்கு இருந்தது. ஆண்டுக்கு ஆண்டு அடர்ந்தது. ஒரு மழைக்காலத்தில் பாலத்தின் மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, வேரும் தண்டும் பின்னிக்கொண்ட பெரிய திட்டு ஒன்று வைக்கோல் போர் நகர்வதுபோல வந்து தூணில் மோதி நின்றது. அதன்மேல் இன்னொன்று. இவை எந்தக் கரையிலிருந்து பெயர்ந்து வந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் முதன்முதலாக யோசித்தேன். மேலே ஒருவர் வேலிக்கென்று ஒடித்து வைத்த குச்சி கீழே ஒரு ஊரின் பாலத்தை அடைக்கிறது. மேல்கரையில் பிறந்து கீழ்க்கரையில் வாழ்கிற எனக்கு இரண்டு பக்கத்து நியாயமும் வேண்டியிருந்தது.

ஆடுகளைப் பற்றியும் சொல்லவேண்டும். வறட்சி ஆண்டில் வேறு பச்சை இல்லாமல் ஆடு காட்டாமணக்கைக் கடிக்கும். கடித்துப் பழகிவிட்டால் அதையே தேடிப் போகும். கொஞ்ச நாளில் தலை ஆடும், பின்னங்கால் தள்ளாடும், எழுந்து நிற்க முடியாமல் போகும். அதில் ஸ்வைன்சோனைன் என்ற நஞ்சு இருப்பதும் அது நரம்பைப் பிடிப்பதும் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. எங்கள் தெருவில் அதைக் ‘கெறக்கம்’ என்பார்கள். மந்திரித்துக் கயிறு கட்டுவார்கள். கயிறு கட்டிய ஆடுகள் மறுபடியும் ஆற்றோரத்துக்கே மேயப் போகும்.

காட்டாமணக்கு மட்டுமல்ல, இன்னொரு அயல்செடியான ரப்பர்க்கொடியும் உண்டு. அது எப்போது எங்கள் கரைக்கு வந்தது என்று தம்பிக்கும் ஞாபகமில்லை, எனக்கும் இல்லை. அப்பா காலமான பிறகு நிலம் குத்தகைக்குப் போனது; குத்தகைக்காரர் வயலைப் பார்த்தாரே ஒழிய கரையைப் பார்க்கவில்லை. அதுவும் நியாயம்தான், கரை அவருக்கு என்ன தரும்? ஒரு பொங்கலுக்குப் போனபோது நீர்மருதின் உச்சி பளபளவென்று வேறு பச்சையாக இருந்தது. தடித்த இலை எதிரெதிராக. மணி வடிவத்தில் இளம் ஊதாப் பூக்கள், பார்க்க அழகு. தண்டைக் கீறினால் பால். காய் இரண்டிரண்டாக எதிரும் புதிருமாக விறைத்து நிற்கும். வெடித்தால் பஞ்சு வைத்த விதை காற்றிலும் போகும், தண்ணீரிலும் மிதக்கும். மரம் கிடைத்தால் ஏறும், கிடைக்காவிட்டால் தானே புதராகச் சுருண்டுகொள்ளும். மாடு தின்றால் இதயம் தாங்காது. மடகாஸ்கர் தீவுதான் அதன் தாய்மண். பூவுக்காகவும், பாலில் ரப்பர் எடுக்கலாம் என்றும் நாடு நாடாகக் கொண்டுபோனார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் மலேயாவைப் பிடித்து ரப்பர் வரத்து நின்றபோது, ஹெய்தி நாட்டில் ஏழை உழவர்களின் நிலத்தையும் பழமரங்களையும் அழித்து இந்தக் கொடியை அமெரிக்கப் பணத்தில் பயிரிட்டார்கள். போர் முடிவதற்குள்ளேயே திட்டத்தைக் கைவிட்டுவிட்டார்கள். உழவர்களுக்கு மரங்கள் திரும்பி வரவில்லை.

எங்கள் பக்கமும் முன்பு ஒரு செடி நிலத்தைப் பிடித்துக்கொண்டதாக ஆயா சொல்லும் கதை ஒன்று உண்டு. அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது வேலி, மேடு, பாதை ஓரம் எங்கும் சப்பாத்திக்கள்ளியாம். அதன் பழத்தைத் தின்று வாயெல்லாம் சிவக்க வீட்டுக்கு வந்து அடி வாங்குவாளாம். கள்ளிக்குள் பாம்பு, கள்ளிக்குள் நரி. நிலம் இருந்தும் ஏர் ஓட்ட முடியாத குடும்பங்கள். பிறகு ஒரு காலத்தில் கள்ளியின்மேல் வெள்ளையாக மாவு பூத்தது. “பூச்சி வந்துச்சு கண்ணு, நின்ன எடத்துலயே கள்ளி அழுகி வுழுந்துது” என்பாள். எந்தச் சாமி அனுப்பியது என்று அவளிடம் ஒரு கதை இருந்தது. அது மாரியம்மன் சம்பந்தப்பட்டது.

அந்தப் பூச்சியை அனுப்பியவர்கள் மனிதர்கள். 1926-இல் இலங்கையிலிருந்து தென்னிந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். கள்ளிச்சாற்றை மட்டுமே உண்டு வாழும் செதில்பூச்சி அது. சில ஆண்டுகளில் பெரும் பரப்பில் கள்ளி படுத்தது. கள்ளி பரவியதிலும் சென்னைக்கு ஒரு பங்கு உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன், சிவப்புச் சாயம் தரும் பூச்சியை வளர்க்கவேண்டும் என்று சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார். 1795-இல் பிரேசிலிலிருந்து வந்து சேர்ந்தது நல்ல சாயம் தராத வேறு பூச்சி. சாய வியாபாரம் படுத்துவிட்டது. ஆனால் அந்தப் பூச்சி ஒரு வகைக் கள்ளியை மட்டும் தின்று தீர்த்தது. ஒரு செடியை அடக்க அதன் பிறந்த ஊரிலிருந்தே எதிரியைக் கூட்டிவரலாம் என்று உலகம் கற்றுக்கொண்ட முதல் பாடங்களில் ஒன்று அது. ஆயாவுக்கு அது தெரியாது. பூச்சி வந்து நிலம் திரும்பக் கிடைத்தது என்பது மட்டும் தெரியும். அதைச் சொல்லும்போதெல்லாம் குரல் தழுதழுக்கும்.

ரப்பர்க்கொடிக்கும் அப்படி ஒன்று நடந்தது, இங்கே அல்ல, ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில். அங்கே ஆற்றோரக் காடுகளையே அது மூடிவிட்டது. மாட்டுப்பண்ணைக்காரர்கள் தங்கள் சொந்த நிலத்துக்குள் ஓடும் ஆற்றை எட்ட வழியில்லாமல் தவித்தார்கள். 1995-இல் மடகாஸ்கரிலிருந்து ஒரு துருநோய்ப் பூஞ்சையைக் கொண்டுவந்து விட்டார்கள். இலையின் அடியில் மஞ்சள் பொடியாகப் படியும், இலை கொட்டும், பூவும் காயும் குறையும். இலை கொட்டியதும் தரையில் வெயில் படுகிறது, புல் முளைக்கிறது, அந்தப் புல்லை வைத்து அளவாகத் தீயிட்டு மிச்சக் கொடியையும் அடக்குகிறார்கள். எங்கள் கரையில் தீ வைப்பது கரும்புக்கு ஆபத்து. பூஞ்சை கொண்டுவருவது தனி ஒருவர் செய்கிற காரியமும் அல்ல; ஆண்டுக்கணக்கில் சோதித்த பிறகு அரசு மட்டுமே செய்யவேண்டியது. சோதித்தும் வாய்க்காமல் போகும். அசாமிலும் கேரளத்திலும் மிக்கானியா என்னும் கொடிக்கு எதிராக ஒரு துருநோயை விட்டுப் பார்த்தார்கள், அது இங்கே நிலைக்கவில்லை. ஆகவே எங்களுக்கு மிஞ்சியது கொடுவாளும் கடப்பாரையும்.

சட்டம் இல்லாமல் இல்லை. சென்னை மாகாணத்தில் 1919-லேயே பயிர்ப் பூச்சி, நோய்ச் சட்டம் வந்துவிட்டது. ஒரு செடியைக் கேடான களை என்று அரசு அறிவித்தால் நிலத்துக்காரர் அதை அழிக்கவேண்டும். அழிக்கத் தவறினால் அதிகாரி அழித்துவிட்டுச் செலவை அவரிடமே வசூலிக்கலாம். 2017-இல் சீமைக்கருவேலத்தை ஒழிக்கச் சொல்லி உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டபோதும் பட்டா நிலம் விலக்கப்படவில்லை. ஊர் ஊராக நோட்டீஸ் வந்தது, பொக்லைன் வந்தது. பிறகு அதற்குத் தடையும் வந்தது. 2022-இல் அயல் செடிகளுக்கென்றே தமிழ்நாடு அரசு ஒரு கொள்கை வெளியிட்டது. பிடுங்குவதோடு நிற்காமல் வாழிடங்களை மீட்கவும் வேண்டும் என்பது அதன் பெயரிலேயே இருக்கிறது. எனக்கு அதில் மிகவும் பிடித்தது அந்த இரண்டாவது பகுதிதான். அரசே அயல்கொடியை நடவைத்த கதையும் உண்டு. அமெரிக்காவின் தென்பகுதியில் குட்ஸு என்னும் ஜப்பானியக் கொடியை மண் அரிப்பைத் தடுக்கும் என்று சொல்லி, உழவர்களுக்கு ஏக்கருக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்து நடவைத்தது அந்நாட்டு அரசு. பிறகு அதே அரசு அதைக் களை என்று அறிவித்தது. அந்தக் கொடி அங்கே முதலில் கண்காட்சிக்கு வந்தது 1876-இல். சீமைக்கருவேலத்தை வறண்ட சீமைக்குக் கொண்டுவரலாம் என்று சென்னை மாகாண வன அதிகாரி பெட்டோம் எழுதியதும் அதே ஆண்டுதான். அந்த அரசும் இந்த அதிகாரியும் நல்லதை நினைத்தவர்கள்தான்.

எங்கள் சர்வே கல்லுக்கு வருகிறேன். இரண்டாண்டுக்கு முன் தம்பி குத்தகையை நிறுத்திவிட்டுத் தானே பயிர் வைக்கத் தொடங்கினான். சர்வேயர் வந்து அளக்கும்போது கல்லைக் காணோம். நானும் தேடினேன். கொடிப் புதருக்குள் படுத்துக்கொண்டு நுழைந்தால்தான் தெரியும் இடத்தில் அது இருந்தது. கல்லைச் சுற்றி நாணல் ஒரு தூர்கூட இல்லை. நொச்சி இல்லை. மருதின் கீழ்க்கிளைகள் பட்டுப்போயிருந்தன. கல்லுக்கு இந்தப் பக்கம் எங்களுடையது, அந்தப் பக்கம் அரசாங்கத்துடையது. கொடியின் வேர் எங்கள் பக்கம், தலை அந்தப் பக்கம்.

பொக்லைனை வைத்து ஒரே நாளில் சுத்தம் செய்துவிடலாம் என்றார்கள். வேண்டாம் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். பொக்லைனுக்குச் சீந்தில் எது, வேலிப்பருத்தி எது, பிரண்டை எது, ரப்பர்க்கொடி எது என்று பார்க்கத் தெரியாது. கோவையும் முடக்கத்தானும் மொசுமொசுக்கையும் சேர்ந்து போகும். அவையெல்லாம் மரத்தைக் கொல்லாத கொடிகள். எங்கள் அம்மா முடக்கத்தான் தோசை சுட்டதும், ஆயா சளிக்கு மொசுமொசுக்கை கொடுத்ததும் இந்தக் கரையை நம்பித்தான். இன்னொன்று, இயந்திரம் காட்டாமணக்கை நசுக்கித் துண்டு துண்டாக ஆற்றோரம் தள்ளிவிட்டுப் போகும். கணு உள்ள ஒவ்வொரு துண்டும் ஒரு நாற்று. கரை மண்ணும் இளகிவிடும். அடுத்த வெள்ளம் அதை அள்ளிக்கொண்டு போகும்.

கையால் செய்யும் வேலைக்கு ஒரு வரிசை இருக்கிறது. தை, மாசியில் தண்ணீர் வடிந்து மண் இன்னும் இறுகாமல் இருக்கும்போது தொடங்கவேண்டும். காய் வெடிப்பதற்குள் முடிக்கவேண்டும். மரத்தில் ஏறிய கொடியை இழுக்கவே கூடாது. இழுத்தால் கிளை முறியும், ஆள் மேலும் விழும். இடுப்பு உயரத்தில் ஒரு வெட்டு, தரையோடு ஒரு வெட்டு. நடுத்துண்டை எடுத்துவிட்டால் மேலே இருப்பது தானாகக் காய்ந்து உதிரும். அடிக்கட்டையைச் சுற்றிக் கடப்பாரையால் நெம்பி வேர்முண்டோடு எடுக்கவேண்டும், விட்டால் தழைக்கும். பால் கண்ணில் பட்டால் எரிச்சல் தாங்காது. கையில் துணி சுற்றிக்கொள்ளவேண்டும். காட்டாமணக்கைத் தண்டு ஒடியாமல் தூரோடு பிடுங்கவேண்டும். பிடுங்கியதைக் கரையிலே போடக்கூடாது; ஈரம் பட்டால் அங்கேயே உயிர்பிடித்துவிடும். களத்துமேட்டுப் பாறைமேல் வேர் மேலே பார்க்கப் பரப்பிச் சித்திரை வெயிலில் சுக்காகக் காயவிடவேண்டும். எங்களுக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் மலையடிவாரத்திலிருந்து வந்த ஒரு அம்மா. கொடியின் அடியைக் கண்டுபிடிக்க அவர் இலையைப் பார்க்கவே மாட்டார். மேலே ஒரு கொடியை லேசாக அசைத்துவிட்டுத் தரையில் எது ஆடுகிறது என்று பார்ப்பார்.

மருந்து அடித்தால் என்ன என்று தம்பி கேட்டான். கிளைஃபோசேட்டைப் பயிற்சி பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டு ஆட்கள் மட்டுமே அடிக்கலாம் என்று 2022-இல் மத்திய அரசு கட்டுப்படுத்திவிட்டது. கட்டுப்படுத்தாவிட்டாலும் ஆற்றோரத்தில் அடிக்க நான் விடமாட்டேன். மீனும் தவளையும் அதே தண்ணீரில்தான். கீழே அதே தண்ணீரில்தான் நானும்.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரை கடந்தது. விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் கொட்டித் தீர்த்தது. தண்ணீர் வடிந்ததும் தம்பி கூப்பிட்டான். நாங்கள் வேரோடு எடுத்துச் சுத்தம் செய்த இடத்தில் மேலேயிருந்து வந்த காட்டாமணக்குத் தண்டுகள் முழங்கால் உயரத்துக்கு ஒதுங்கியிருந்தன. சிலவற்றில் தளிர். அதைப் பார்த்துவிட்டு அவன் சோர்ந்துபோனான். “அக்கா, நம்ம நெலத்த மட்டும் வெட்டி என்ன ஆவப்போவுது?” என்றான். அவன் கேட்டது சரி. சட்டம் ஒவ்வொரு பட்டாவாகப் பார்க்கிறது. ஆறு அப்படிப் பார்ப்பதில்லை. கொடியை அடக்கவேண்டுமானால் மேலண்டையிலிருந்து கீழண்டைக்கு வரவேண்டும், எல்லோரும் ஒரே பருவத்தில் இறங்கவேண்டும். ஒருவர் நிலம் விட்டுப்போனாலும் அவருக்குக் கீழே இருப்பவர் உழைப்பு வீண்.

அன்றைக்கு அவனிடம் நான் நொச்சியைக் காட்டினேன். முந்தைய தையில் கொடி எடுத்த இடத்திலெல்லாம் நொச்சிக் குச்சியும் நாணல் தூரும் நட்டிருந்தோம். மேட்டில் புங்கன், இரண்டு நாவல். நட்ட இடத்தில் மண் அரிக்கவில்லை. ஒதுங்கிய தண்டுகளும் நாணல் இல்லாத வெற்றுத் திட்டில்தான் வேர் பிடித்திருந்தன, நாணலுக்குள் சிக்கியவை நிழலில் வெளுத்துக் கிடந்தன. வெட்டுவதற்குக் கூலி கொடுப்பவர்கள் நடுவதற்கும் கொடுக்கவேண்டும் என்று நான் ஒவ்வொரு வீட்டுத் திண்ணையிலும் சொல்லிக்கொண்டிருப்பதற்குக் காரணம் அந்தத் திட்டுதான். மரம் நடுவதற்கும் கரை பலப்படுத்துவதற்கும் நூறுநாள் வேலையில் இடம் இருந்தது. புறம்போக்குக் கரைக்கு அதைக் கேட்டுக் கிராமசபையில் மனு கொடுத்தோம். பட்டாவுக்குள் அவரவர் செலவு.

எங்களுக்கு நேர் மேலே பங்காளி முறையில் ஒரு பெரியப்பா நிலம். அவர் வேலி இன்னும் காட்டாமணக்குதான். போய்ப் பேசினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, “வேலிய எடுத்துட்டா பன்னிக்கு நான் என்ன பண்றது பாப்பா?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் வேலியை எடு என்று சொல்வது தப்பு. நொச்சியை நெருக்கி நட்டுக் குறுக்கே மூங்கில் பட்டி கட்டலாம், வளரும்வரை ஓர் ஆண்டுக்குக் கம்பி கட்ட நாங்களும் பாதிச் செலவு ஏற்கிறோம் என்று தம்பி சொன்னான். “கீழ விருத்தாசலத்துல ஒக்காந்துக்கிட்டு நீ இதுக்கு அலையுறியா?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார். ஆமாம் என்றேன், உங்கள் வேலிதான் எங்கள் பாலத்துக்கு வருகிறது என்றேன். அவர் கோபப்படவில்லை. “சரி, தை பொறக்கட்டும். ஆளக் கூட்டியா” என்றார்.

அவருக்கும் மேலே இருக்கும் நிலத்தை யாரோ வாங்கிப் போட்டிருக்கிறார்கள். வாங்கியவர் சேலத்தில் இருக்கிறாராம். கரையை இதுவரை வந்து பார்த்ததில்லையாம். அவருடைய போன் நம்பரைத் தம்பி வாங்கியிருக்கிறான்.